உங்களுக்குத் தெரியுமா? போர் விமானத்தில் ஒரு பின்னிருக்கை

இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட விமானங்களில் இன்று பணம் கட்டி ஏறிப் பறக்கிறார்கள். அந்த வசதி இங்கிலாந்தில் இருக்கிறது. நம் நாட்டில் இல்லை. ஆனால் அதே ரக விமானங்கள் நம் தீவின் வானத்திலும் சண்டையிட்டன. அவை எழுந்த ஓடுதளங்கள் சிலவற்றில் இன்றும் போய் நிற்கலாம். பூண்டுலோயாவிலும் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை பாடப்புத்தகத்தில் போதுமான அளவு கிடைப்பதில்லை. அதனால் இந்த வாரத் துணுக்குகள் முழுவதும் வானத்தைப் பற்றியவை.

1. டிக்கெட் எடுத்தால் ஸ்பிட்பயர்

இங்கிலாந்தின் பிகின் ஹில், குட்வுட், டக்ஸ்ஃபோர்டு ஆகியவை 1940இல் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நின்ற தளங்கள். டக்ஸ்ஃபோர்டில்தான் 1938 ஆகஸ்டில் ஸ்பிட்பயர் என்ற சண்டை விமானம் முதன்முதலாகப் படைச் சேவைக்கு வந்தது. இந்த மூன்று இடங்களிலிருந்தும் இன்று பொதுமக்கள் ஸ்பிட்பயரில் பறக்கலாம். முன்னால் விமானி, பின்னால் பயணி, அவ்வளவுதான். அரை மணி நேரப் பறப்புக்கு 3,000 பவுண்டு அளவில் கட்டணம். நம் ரூபாயில் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். அப்படியிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தாத்தா ஓட்டிய விமானம் எப்படியிருக்கும் என்று உட்கார்ந்து பார்க்க வரும் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

2. ஒருவருக்கான விமானத்தில் இருவர் எப்படி?

ஸ்பிட்பயர் முதன்முதலாகப் பறந்தது 1936 மார்ச் 5இல். அதன்பின் 20,000க்கும் மேல் கட்டப்பட்டன. போர்க்காலத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்தவை எல்லாம் ஒற்றை இருக்கை விமானங்கள். போர் முடிந்த பிறகு, 1946இல், விக்கர்ஸ் நிறுவனம் விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக ஒரு ஸ்பிட்பயரை இரட்டை இருக்கையாக மாற்றியது. முன்னறையைச் சுமார் 34 சென்ரிமீற்றர் முன்னால் தள்ளி, பின்னால் சற்று உயரத்தில் இன்னோர் அறையை வைத்தார்கள். பயிற்சியாளர் மாணவனின் தலைக்கு மேலாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்த உயரம். இன்று பயணி உட்காருவது அந்தப் பயிற்சியாளரின் இடத்தில்தான்.

3. அவற்றில் பாதி இந்தியாவுக்கு

இப்படி மாற்றி வெளிநாடுகளுக்கு விற்கப்பட்ட ஒன்பதாம் ரக ஸ்பிட்பயர்கள் மொத்தம் 20. அவற்றில் 10 இந்திய விமானப்படைக்குப் போயின. அயர்லாந்து 6, நெதர்லாந்து 3, எகிப்து 1 வாங்கின. அயர்லாந்து வாங்கியவற்றில் சில பின்னர் புதுப்பிக்கப்பட்டு, இன்று பயணிகளை ஏற்றுகின்றன. அவற்றில் எம்.எல்.407 என்ற எண்ணுடைய விமானம் 1944 ஜூன் 6 அன்று நோர்மண்டிக் கரைக்கு மேல் சண்டையிட்டது. போரில் இருந்த அதே எந்திரத்தில், போரைக் காணாத தலைமுறை இன்று ஏறி உட்காருகிறது.

4. மெட்ராஸ் மாகாணத்தின் பெயரில் ஒரு படையணி

பிரித்தானிய விமானப்படையின் 264ஆம் படையணிக்கு "மெட்ராஸ் பிரெசிடென்சி" என்ற பெயர் இருந்தது. போர் நிதிக்கு அள்ளிக் கொடுத்த நாடுகளின், மாகாணங்களின் பெயரைப் படையணிகளுக்குச் சூட்டுவது அன்றைய வழக்கம். இந்த அணிதான் போல்ட்டன் போல் நிறுவனத்தின் டிஃபையன்ட் விமானத்தை முதலில் பெற்றது. அது இரண்டு பேர் செல்லும் சண்டை விமானம்: விமானி முன்னால், சுழலும் துப்பாக்கிக் கூண்டில் சுடுபவர் பின்னால். முன்னோக்கிச் சுட அதில் துப்பாக்கியே கிடையாது. இந்தக் குறையைக் கண்டுகொண்ட எதிரிகள் நேர் முன்னாலிருந்து தாக்க, பகல் சண்டையிலிருந்து அதை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இலங்கையின் பெயரும் உண்டு. 102ஆம் குண்டுவீச்சுப் படையணி "சிலோன்" அணி என்று அழைக்கப்பட்டது.

5. உயிர்த்த ஞாயிறு காலை

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த ஜப்பானியக் கடற்படை, ஏறத்தாழ 125 விமானங்களைக் கொழும்பு மீது ஏவியது. அந்த விமானங்களை வழிநடத்தி வந்தவர் மிட்சுவோ ஃபுச்சிடா. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத் தாக்குதலை முன்நின்று நடத்தியவரும் இவரே.

எதிர்த்துப் போனவை பிரித்தானியரின் ஹரிகேன் சண்டை விமானங்கள். இரத்மலானையில் 30ஆம் படையணியும் கொழும்பில் 258ஆம் படையணியும் இருந்தன. இரத்மலானை விமானிகளுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை கிடைக்கவில்லை. தலைக்கு மேல் எதிரி விமானங்களைக் கண்ட பிறகே அவர்கள் ஓடிப் போய் ஏறினார்கள். அன்று திருகோணமலையிலிருந்து இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்ஃபிஷ் விமானங்களும் வழியிலேயே வீழ்த்தப்பட்டன. துறைமுகத்தில் ஹெக்டர், டெனெடோஸ் ஆகிய கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநல மருத்துவமனை மீதும் குண்டுகள் விழுந்து நோயாளிகள் இறந்தார்கள். பெரிய போர்க்கப்பல்கள் முன்பே துறைமுகத்தை விட்டுப் போயிருந்ததால் இழப்பு அந்த அளவோடு நின்றது. ஆனால் டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு குரூசர் கப்பல்களை அதே நாளில் நடுக்கடலில் கண்டுபிடித்து மூழ்கடித்துவிட்டார்கள். அவற்றில் மட்டும் 424 பேர் மாண்டார்கள்.

6. குதிரைப் பந்தயத் திடலில் ஓர் ஓடுதளம்

258ஆம் அணியின் தளம் எது தெரியுமா? கொழும்பு குதிரைப் பந்தயத் திடல். அங்கே அவசர அவசரமாக ஓர் ஓடுதளம் அமைத்திருந்தார்கள். இரத்மலானையைப் பற்றி அறிந்திருந்த ஜப்பானியருக்கு இதைப் பற்றித் தெரியாது. அன்று காலை 14 ஹரிகேன்கள் அந்தத் திடலிலிருந்து எழுந்தன. அவற்றில் பல திரும்பவில்லை. இன்று அங்கே கடைகளும் விளையாட்டு மைதானமும் இருக்கின்றன. கொழும்பில் படிக்கும், வேலை செய்யும் நம் மலையக இளைஞர்கள் பலர் அந்த வழியாக நடந்து போகிறார்கள். இருபதுகளில் இருந்த விமானிகள் கடைசியாகத் தரையை விட்டு எழுந்த இடம் அது.

7. ஒரு தந்தி, ஒரு நாள் அவகாசம்

தாக்குதலுக்கு முதல் நாள், ஏப்ரல் 4. கொக்கல வாவியிலிருந்து எழுந்த கட்டலினா கடல்விமானம் ஒன்று, தீவின் தென்கிழக்கே ஆழ்கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதை ஓட்டியவர் கனடாவின் லெனார்ட் பர்ச்சல். எதிரியின் சண்டை விமானங்கள் சூழ்ந்துகொள்ள, வானொலியில் செய்தியை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். விமானம் வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். பர்ச்சலும் மற்ற ஐவரும் சிறைபிடிக்கப்பட்டார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பது போர் முடிந்த பிறகே வெளியே தெரிந்தது. "இலங்கையின் இரட்சகர்" என்று பெயர் பெற்ற பர்ச்சல் 2004 வரை வாழ்ந்தார்.

8. மட்டக்களப்புக் கடலடியில்

கொழும்புத் தாக்குதலுக்கு நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 9இல், திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கே சீனக்குடாவிலிருந்து 261ஆம் அணியின் ஹரிகேன்கள் எழுந்தன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 307 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. தாக்கப்பட்டபோது அதில் ஒரு விமானம் கூட இல்லை. ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் அதைக் காண இன்று அனுபவம் மிக்க சுழியோடிகள் மட்டக்களப்புக்கு வருகிறார்கள்.

9. மலைக்கு ஏறி வந்த போர்

குண்டு கரையோரத்தில்தான் விழுந்தது. ஆனால் போர் மலையேறியும் வந்தது. கல்கிசை பரி. தோமா கல்லூரிக் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொள்ள, வெலிமடைக்கு அருகே குருத்தலாவையில் 1942இல் ஒரு கிளைப் பள்ளி தோன்றியது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்.

ஜப்பான் மலாயாவைப் பிடித்த பிறகு நேச நாடுகளுக்கு இறப்பர் அனுப்பும் முக்கிய நாடு இலங்கையாயிற்று. தேயிலையைப் பிரித்தானிய அரசே மொத்தமாக வாங்கிப் பங்கிட்டது. படைவீரனின் குவளையில் இருந்தது தோட்டத்துக் கொழுந்து. கொழும்புத் துறைமுகத்தைக் காத்த விமானிகளின் கதையில், அந்தத் துறைமுகத்தை நிரப்பிய நம் பாட்டன் பாட்டிகளின் உழைப்புக்கும் இடம் உண்டு.

10. ஒரே பயணத்தில் இரண்டு விடியல்

போர்க்கால விமானத்தில் பயணிகள் ஏறியது இன்றைய புதுமை அல்ல. 1943 முதல் 1945 வரை கொக்கல வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினா விமானங்களை இரகசியமாக இயக்கியது. தூரம் சுமார் 5,600 கிலோமீற்றர். பறப்பு நேரம் 27 முதல் 33 மணி. வழியில் ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரிய உதயத்தைப் பார்க்க நேரும். எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளும் சுமார் 70 கிலோ தபாலும் மட்டுமே ஏற்ற முடிந்தது. எதிரி கண்டுபிடித்துவிடக் கூடாதென்று வானொலியைப் பயன்படுத்தாமல், இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களே. 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானம் கூட இழக்கப்படவில்லை. பயணம் செய்தவர்களுக்கு "இரட்டைச் சூரியோதயம்" என்ற சான்றிதழ் கொடுத்தார்கள்.

11. விமானத்தை இழுத்த யானை

புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு ஒரு விமானத்தளம் இருந்தது. மழையில் சேறான தரையில் கோர்செயர் சண்டை விமானங்களை இழுத்துச் செல்ல அங்கே யானைகளைப் பயன்படுத்தினார்கள். மடித்த இறக்கைகளோடு நிற்கும் விமானத்தை யானை இழுக்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அந்த யானையை நடத்திய பாகனின் பெயரைத்தான் வரலாறு குறித்து வைக்கவில்லை.

12. இரத்மலானையில் இறங்கிய முதல் விமானம்

இரத்மலானையில் முதன்முதலாக விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27இல். அது ஒரு புஸ் மோத் சிறுவிமானம். ஓட்டி வந்தவர் மெட்ராஸ் விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் பயணிகள் விமானமும் இரத்மலானையிலிருந்தே எழுந்தது. யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கி, பிறகு மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. விமானத்தின் பெயர் "சீதாதேவி". அது ஒரு டகோட்டா. போரில் படைகளையும் பண்டங்களையும் சுமந்த அதே ரகம். பலாலி ஓடுதளமும் போருக்காகப் போடப்பட்டதுதான். போர் விட்டுச்சென்ற விமானமும் ஓடுதளமும் சேர்ந்தே நம் முதல் வான்வழிப் பயணத்தைத் தந்தன.

13. ஸ்பிட்பயரின் இதயம் இலங்கையில்

1951இல் தொடங்கிய இலங்கை விமானப்படை, தன் விமானிகளைப் பழக்குவதற்குப் பேலியல் என்ற பயிற்சி விமானங்களை வாங்கியது. அதைக் கட்டியது டிஃபையன்டைக் கட்டிய அதே போல்ட்டன் போல் நிறுவனம். உள்ளே இருந்தது ரோல்ஸ் ரோய்ஸ் மேர்லின் எஞ்சின். ஸ்பிட்பயருக்கும் ஹரிகேனுக்கும் உயிர் கொடுத்த அதே குடும்பம். பன்னிரண்டு சிலிண்டர், 27 லீற்றர் கொள்ளளவு. இரத்மலானையில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு பேலியலைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். 2009இல் இன்றைய வடிவில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்துக்குப் பொதுமக்களும் போகலாம்.

14. வானத்தில் சுலபம், தரையில் கஷ்டம்

ஸ்பிட்பயரை ஓட்டுவதில் பயணிக்குத் தெரியாத சிரமங்கள் பல. வால்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே தூக்கி நிற்பதால், தரையில் விமானிக்கு நேர் முன்னால் எதுவும் தெரியாது. அதனால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போக வேண்டும். எஞ்சினைக் குளிர வைக்கும் ரேடியேற்றர் இறக்கைக்கு அடியில் இருக்கிறது. தரையில் நிற்கும்போது அதற்குப் போதிய காற்று கிடைக்காது. சில நிமிடங்கள் தாமதித்தாலும் நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் பக்கக்காற்றில் இறங்குவது இன்னும் கடினம். ஹரிகேனின் சக்கரங்கள் அகல விலகி நிற்பவை. பின்னுடலில் துணி போர்த்தியிருப்பதால் குண்டு துளைத்தாலும் விரைவில் ஒட்டிச் சரிசெய்யலாம். போதிய வசதியற்ற ஓடுதளங்களில் ஹரிகேன் ஈடுகொடுத்ததற்கு இது ஒரு காரணம். இரட்டை இருக்கையாக மாற்றிய ஹரிகேன் ஒன்றும் இன்று பிரிட்டனில் பறக்கிறது.

15. கையெழுத்துப் போடாமல் ஏற முடியாது

பழைய போர் விமானங்கள் இன்றைய பயணிகள் விமானங்களுக்குரிய பாதுகாப்புத் தரத்தில் கட்டப்பட்டவை அல்ல. ஆகவே பிரிட்டனில் பயணி முதலில் அந்த ஆபத்தை விளங்கிக்கொண்டு, எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பாரசூட்டைக் கட்டிக்கொள்ளவும், அவசரத்தில் வெளியே குதிக்கவும் சொல்லிக் கொடுப்பார்கள். இது வெறும் சடங்கு அல்ல. 2019 ஒக்டோபர் 2இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பயணிகளை ஏற்றிச் சென்ற பி-17 குண்டுவீச்சு விமானம் விபத்துக்குள்ளாகி ஏழு பேர் இறந்தார்கள். பராமரிப்பில் குறை கண்ட அதிகாரிகள், அதை இயக்கிய அமைப்பின் பயணிகள் அனுமதியை 2020இல் இரத்துச் செய்தார்கள். பழையதை மதிப்பது என்றால் அதை ஒழுங்காகப் பராமரிப்பதும்தான்.

16. மூடுபனியும் மலையும்

இத்தகைய விமானங்கள் பகலில், கண்ணுக்கு வழி தெளிவாகத் தெரியும் வானிலையில்தான் பயணிகளை ஏற்றும். மூடுபனி இறங்கும் நம் மலைகளில் அது எத்தனை முக்கியம் என்பதை மஸ்கெலியா மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்க வந்த மார்டின்எயார் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த மலையடிவாரத்தில் உள்ளவர்கள் இன்றும் அந்த இரவைப் பேசுகிறார்கள்.

இன்று ஹட்டனுக்கு அருகே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளின் கடல்விமானங்கள் இறங்குகின்றன. கொக்கல வாவியில் கட்டலினா இறங்கிய அதே முறை: ஓடுதளம் இல்லாத இடத்தில் தண்ணீரே ஓடுதளம்.

17. தமிழ்நாட்டில் மறந்துபோன ஓடுதளங்கள்

சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகிய நான்கு இடங்களிலும் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளங்கள் இருந்தன. சோழவரம் பின்னர் மோட்டார் பந்தயங்களால் புகழ் பெற்றது. காரும் மோட்டார் சைக்கிளும் சீறிய அந்த நேர்கோடு, விமானங்களுக்காகப் போட்ட பாதை என்பது ரசிகர்கள் பலருக்குத் தெரியாது.

18. மீண்டும் பறந்த பரசுராமன்

இந்திய விமானப்படை தன் பழைய விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருக்க ஒரு தனிப் பிரிவே நடத்துகிறது. டைகர் மோத், ஹார்வர்ட் விமானங்களோடு 2018இல் ஒரு டகோட்டாவும் சேர்ந்தது. பிரிட்டனில் புதுப்பித்துப் பறந்தே இந்தியா வந்த அதற்குப் "பரசுராமா" என்று பெயர். அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் அதை அன்பளிப்பாகக் கொடுத்தார். அவருடைய தந்தை விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். ஒரு மகனின் நன்றி ஒரு விமானத்தை மீண்டும் வானத்துக்கு அனுப்பியிருக்கிறது.

19. நாம் என்ன செய்யலாம்?

ஸ்பிட்பயரில் ஏறப் பத்து இலட்சம் ரூபாய் நம்மில் யாரிடமும் இருக்காது. இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போக அவ்வளவு தேவையில்லை. தலவாக்கலையிலிருந்து கொழும்பு கோட்டைக்குப் போய், அங்கிருந்து கரையோரப் பாதை ரயிலில் ஏறினால் இரத்மலானை நிலையம். நம் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாப் பட்டியலில் மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் இதையும் எழுதிக்கொள்ளலாம். வரலாறும் விஞ்ஞானமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும்.

இன்னொரு வேலை அதைவிட அவசரமானது. 1942இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அரிசிப் பங்கீடு, கொழும்பிலிருந்து ஓடிவந்த உறவினர்கள், தலைக்கு மேல் போன விமானங்கள் என்று அவர்களிடம் சொல்ல நிறைய இருக்கும். விமானிகளின் நினைவுகளை அவர்கள் நாட்டார் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். தோட்டத்து மக்களின் நினைவுகளை நாம்தான் பதிவுசெய்ய வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வார விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், ஊர், தோட்டம், வருடம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.